அரண்மனை வாசலில் என் தோள்பை

அரண்மனை வாசலில் பையைச் சோதிக்கும் இயந்திரம் நாய் மாதிரி மோப்பம் பிடிக்கும் என்றுதான் நம்பினேன். என் தோள்பையோ போன தீபாவளி சீசன் முழுக்க வெடி சாம்பிள் சுமந்த பை. கப்பல் சுற்றுலா வந்த சிவகாசிக்காரன் வெளிநாட்டில் கம்பி எண்ணப் போகிறான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

கப்பலிலிருந்து எங்களை ஏற்றி வந்த பஸ்ஸில் என் பக்கத்து சீட்டுக்காரர், தாயில்பட்டியில் வெடிமருந்து கலக்கும் போர்மேன். என்றோ கருகிய புருவம் அவருக்குத் திரும்ப முளைக்கவில்லை. எந்த வாசலில் நுழைந்தாலும் முதலில் இரும்பைத் தொடுவார். உடம்பிலிருக்கும் மின்சாரம் இறங்கட்டும் என்று மருந்து அறை வாசலில் பழகியது. கப்பலின் சாப்பாட்டு அறைக்கும் அப்படித்தான் போனார்.

வரிசையில் என் சட்டை நனைவதைப் பார்த்துவிட்டார்.

"என்ன அண்ணாச்சி, இம்புட்டு வேர்க்குது?"

"பையில மருந்து வாசம் இருக்குமே. மெஷின் காட்டிக் கொடுத்துட்டா?"

"நீங்க பையைக் கழட்டி வச்சிருவீக. முப்பது வருசமா மருந்துல முக்குன கை இது. இதை நான் எங்கன கழட்டி வைக்க?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் மெல்ல அவரைவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டேன். அவ்வளவு வீரம்.

அப்போது காவலர் விரலை ஆட்டி என்னைத் தனியே கூப்பிட்டார். யாரும் கூப்பிடாமலே போர்மேனும் வந்து, வரிசைத் தடுப்பின் இரும்புக் கம்பியில் ஒரு கையை வைத்தபடி, என்னை ஒட்டி நின்றார். ஏன் வந்தார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

காவலர் என் பையை ஓர் அளவுப் பெட்டிக்குள் இறக்கிப் பார்த்தார். இறங்கவில்லை. பெரிய பைக்கு உள்ளே அனுமதி இல்லையாம். டோக்கன் கொடுத்துப் பையை வாங்கி வைத்துக்கொண்டார்.