இருபது கிலோ சாக்லேட்டும் சுரண்டியக்காவும்

கர்ரக், கர்ரக் என்று சட்டியின் அடியில் கரண்டி உரசும் சத்தம் கேட்டால், பஸ்ஸுக்கு அடியில் படுத்திருக்கும் மெக்கானிக்குகூடப் பல்லைக் கடித்துக்கொள்வார். சுரண்டியக்கா குழம்புச் சட்டியைக் காலி செய்கிறாள் என்று அர்த்தம். அவள் சுரண்டி முடித்த சட்டியைக் கழுவப் போன தண்ணீர், தனக்கு இங்கே என்ன வேலை என்று வெட்கப்பட்டுத் திரும்பி வரும்.

சுற்றுலாப் பஸ் கம்பெனியின் பட்டறைச் சமையற்கட்டில் பதினொரு வருஷமாக எழுபது பேருக்குப் பொங்கிப் போடுகிறாள். ஆள் குள்ளம். கேஸ் சிலிண்டரும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், பேசுவதை வைத்துத்தான் எது எது என்று கண்டுபிடிக்க முடியும். பேசுவதும் கொஞ்ச நஞ்சமல்ல. ஆள் கிடைக்காவிட்டால் அடுப்போடு பேசுவாள். பெரிய அடுப்பு மாமியார், சின்ன விறகடுப்பு நாத்தனார். "மாமியா இன்னிக்கு காலைலேர்ந்து சிடுசிடுன்னு எரியுறா. நாத்தனா பரவால்ல, ஊதுனாத்தான் அழுவுறா."

எதையும் தூக்கிப் போட மாட்டாள். காய்ந்த ரொட்டி தூளாகும், காய்கறித் தோல் சூப்பாகும், கொதித்து முடிந்த டீத்தூள் தரை துடைக்கப் போகும். "அக்கா, என்னையும் ஒரு நாள் சூப்பு வச்சிடாத" என்பான் பஸ்ஸுக்கு வர்ணம் அடிக்கும் பெயிண்டர். "உன்ன வச்சா சூப்புல பெயிண்டு நாத்தம் அடிக்கும், போடா" என்பாள்.

அவளுடைய கணவர் அதே கம்பெனியில் மலைப்பாதை பஸ் டிரைவர். வீட்டில் இருக்கும் வாயெல்லாம் அவளிடம். அவரிடம் ஸ்டியரிங் மட்டும். அந்த ஸ்டியரிங்குக்குத்தான் ஆபத்து வந்தது.

விடுமுறைக் காலத்தில் ஒவ்வொரு பயணிக்கும் ஒரு சாக்லேட் பெட்டி கொடுப்பது கம்பெனி வழக்கம். கடைசிப் பயணம் முடிந்தபோது இருபது கிலோ மிஞ்சிவிட்டது. முன்பக்கம் வெயில் அடிக்கிறதே என்று, மனுஷர் அக்கறையாக எல்லாவற்றையும் பஸ்ஸின் பின்பக்கச் சாமான் அறைக்குள் அடுக்கிவிட்டார். அதற்கு நேர் கீழே இன்ஜின். திரும்பி வர எட்டு மணி நேர மலைப்பாதை. பட்டறைக்கு வந்து திறந்தபோது உருண்டை சாக்லேட் எல்லாம் தட்டையாகி, ஒன்றன் மேல் ஒன்று ஏறிப் படுத்திருந்தது.

"இருவது வருஷமா முன்னாடியே உக்காந்து ஓட்டுனா, இன்ஜின் பின்னாடி இருக்கறது மறந்துடுமா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள் சுரண்டியக்கா.

"வெயில் படாத எடமாச்சேன்னு பாத்தேன்" என்றார் அவர். அன்றைக்கு அவர் பேசிய மொத்தப் பேச்சும் அதுதான்.

மேலாளருக்குக் கோபம். "பெட்டியப் பாத்துக்கத் தெரியாதவரு, நாப்பது உசுர எப்படிப் பாத்துக்குவாரு? அவ்வளவும் குப்பைக்குப் போகட்டும். அடுத்த திங்கக்கெழமைலேர்ந்து இவரு பஸ் கழுவற பக்கம் போகட்டும்."

கையில் கரண்டியோடு சுரண்டியக்கா குறுக்கே வந்து நின்றாள். "சார், வீணாப் போனாத்தான தப்பு? வீணாவே போகலன்னா?"

"என்னம்மா சொல்றீங்க?"

"சனிக்கெழம மத்தியானத்துக்குள்ள அவ்வளவும் நம்ம ஆளுங்க வயித்துல இருக்கும். ஒரு துண்டு குப்பையில கெடந்தாலோ, ஒருத்தர் மொகஞ்சுளிச்சாலோ, அவரோட சேந்து நானும் பஸ் கழுவுறேன்."

"இருவது கிலோம்மா!"

"ஆறு நாள் இருக்கே சார்!"

முதல் நாளே தகராறு. உருகி இறுகிய சாக்லேட்டின் மேல் வெள்ளை வெள்ளையாகப் படர்ந்திருந்தது. "அக்கா, பூசணம்!" என்று பெயிண்டர் கூவ, எழுபது பேரும் பின்வாங்கினார்கள். "பூசணமா? உள்ள இருந்த கொழுப்பு மேல வந்திருக்குடா. உனக்கு வாய்ல வந்த மாதிரி!" என்று சொல்லி, எல்லாரும் பார்க்க நாலு துண்டை வாயில் போட்டு மென்றாள். அரை மணி நேரம் அவளையே பார்த்தார்கள். சாகவில்லை. பிறகு தட்டோடு வரிசை கட்டி நின்றார்கள்.

அதன் பிறகு ஒரே கொண்டாட்டம். காலைக் கஞ்சியில் ஒரு கரண்டி சாக்லேட் விழுந்தது. கஞ்சி என்றாலே ஓடுகிற காவலாளி பாத்திரத்தோடு வந்து உட்கார்ந்தார். வாழைப்பழத்தைக் குச்சியில் குத்தி, உருக்கியதில் முக்கி, குளிர்ப்பெட்டியில் வைத்தாள். கிரீஸ் கையோடு மெக்கானிக்குகள் குச்சியைப் பிடித்துக்கொண்டு பச்சைப்பிள்ளைகள் மாதிரி நக்கினார்கள். வறுத்த வேர்க்கடலையைப் புரட்டி எடுத்தாள், அது டீ நேரம்வரைகூடத் தாங்கவில்லை. யாரும் சீண்டாத கசப்புச் சாக்லேட் ஒரு கிலோ இருந்தது. அதைப் புதன்கிழமை இறைச்சிக் குழம்பில், மிளகாய்க் காரம் ஏறிய பிறகு, யாருக்கும் தெரியாமல் கரைத்துவிட்டாள். குழம்பு கன்னங்கரேலென்று மின்னியது.

வெள்ளிக்கிழமைதான் காரியம் கவிழ்ந்தது. பாக்கி ஒன்பது கிலோ. பெரிய சட்டியில் போட்டு, கொதிக்கும் தண்ணீர் அண்டாவின் மேல் ஏற்றி, சூடு போகக்கூடாதென்று மூடியும் போட்டாள். அந்த மூடிதான் வினை. ஆவி படிந்து, சொட்டுச் சொட்டாக உள்ளே விழுந்தது. திறந்து பார்த்தால் ஒன்பது கிலோவும் ஈர மணல் மாதிரி இறுகிக் கிடந்தது. கிண்டினால் கரண்டி வளைந்தது.

"அக்கா, சிமெண்ட் ஆயிடுச்சே. செவுத்துக்குப் பூசிடட்டா?" என்றான் பெயிண்டர். பதினொரு வருஷத்தில் முதல்முறையாக அந்தச் சமையற்கட்டில் கொதிக்கிற தண்ணீர் சத்தம் மட்டும் கேட்டது. பெயிண்டருக்கே பயம் வந்துவிட்டது.

டீ குடிக்க வந்த கணவர் எட்டிப் பார்த்தார். மெதுவாகச் சொன்னார்: "பரவால்ல விடு. பஸ் கழுவறதும் வேலதான்."

அந்த வார்த்தை அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. "வாய மூடுங்க. நீங்க கழுவுற ஆளா? அந்தப் பால் கேன எடுங்க!"

"இன்னும் ஊத்துனா இன்னும் கெட்டுடாதாக்கா?" என்றான் பெயிண்டர்.

"சொட்டுச் சொட்டா ஊத்துனா யாருக்குத்தான் கோவம் வராது? வயிறு நெறையக் குடுத்துப் பாரு!"

சுடச்சுடப் பாலை ஊற்றிக் கிண்டினாள். முதலில் இன்னும் கட்டியானது. பெயிண்டர் கண்ணை மூடிக்கொண்டான். அவள் விடவில்லை, தோள் கழன்று சட்டிக்குள் விழுமோ என்கிற அளவுக்குக் கிண்டினாள். இன்னொரு செம்பு. இன்னொரு செம்பு. திடீரென்று மணல் நெகிழ்ந்தது, குழைந்தது, கரண்டியிலிருந்து பட்டு நாடா மாதிரி வழுக்கி இறங்கியது.

"எங்கிட்ட இருக்கிற எந்தப் பெயிண்டுக்கும் இந்தப் பளபளப்பு கெடையாதுக்கா" என்றான் பெயிண்டர், மூச்சை விட்டு.

சனிக்கிழமை, ஒரு வாரம் சேர்த்த காய்ந்த ரொட்டியெல்லாம் அந்தச் சாக்லேட் குழம்பில் ஊறி, தட்டுத் தட்டாக வெந்து வந்தது. வாசனை சாலை தாண்டிப் போய், எதிர்க் கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். மேலாளர் குப்பைத்தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார். அலமாரி, குளிர்ப்பெட்டி, தொட்டிக்கு அடியில், எல்லாம் பார்த்தார். ஒரு துண்டு ரொட்டி சாப்பிட்டார். யோசித்தார். இன்னொரு துண்டு சாப்பிட்டார்.

"அந்தக் கசப்புச் சாக்லேட்டு எங்க? அத எவனும் தின்ன மாட்டானே?" கடைசி அஸ்திரத்தை விட்டார்.

"புதன்கெழம ரெண்டு தடவ கொழம்பு கேட்டு வாங்குனது யாரு சார்?"

பட்டறையே தட்டில் தாளம் போட்டது. மேலாளர் வாயைத் துடைத்துக்கொண்டு நேராக டூட்டி எழுதும் கரும்பலகைக்குப் போனார். திங்கட்கிழமை, மலைப்பாதை பஸ் என்று எழுதி, பக்கத்தில் அவளுடைய கணவர் பெயரைப் போட்டார். அடுத்த நிமிஷம் நின்றுகொண்டிருந்த பன்னிரண்டு பஸ்ஸும் ஒன்றாக ஹாரன் அடித்தன.

சுரண்டியக்கா காலிச் சட்டியைத் தூக்கி நடுச் சமையற்கட்டில் கவிழ்த்துப் போட்டாள். அதன் மேல் ஏறி உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டி, கூட்டத்தைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"எவனாச்சும் எனக்கு ஒரு டீ போட்டுக் குடுங்கடா."