வலது கண்ணுக்கு ஒரு குழல்

என் இடது கண் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பல் துலக்கிக்கொண்டிருந்தபோது. கண்ணாடியில் என் முகத்தின் நடுவே பழுப்பாக ஒரு கறை தெரிந்தது. ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைத்தேன். கறை போகவில்லை. வலது கண்ணை மூடிப் பார்த்தபோது முகமே அங்கே இல்லை.

கண்ணுக்குள் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது என்றார் மருத்துவர். சில மாதங்கள் ஊசி போட்டுப் பார்த்தார்கள். வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்று சொல்லும் அளவோடு அந்தக் கண் நின்றுவிட்டது. அப்போது எனக்கு ஐம்பத்திரண்டு வயது.

பீளமேட்டில் ஒரு நூற்பாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். நூலைக் கறுப்புப் பலகையில் சுற்றி, எங்கே தடித்திருக்கிறது, எங்கே இளைத்திருக்கிறது என்று பார்ப்பது என் தொழில். அதற்கு ஒரு கண் போதுமானதாக இருந்தது. மற்ற எல்லாவற்றுக்கும்தான் போதவில்லை. டம்ளரில் ஊற்றிய தண்ணீர் மேசையில் விழுந்தது. கடைசிப் படி என்று நினைத்துக் கால் வைத்தால் இன்னொரு படி இருந்தது. துடியலூரிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் போய்வந்தவள் பஸ்ஸுக்கு மாறினேன்.

என் கணவர் வார்ப்புப் பட்டறைகளுக்கு மரத்தில் அச்சு செய்து தருபவர். அதிகம் பேசமாட்டார். என் கண் போன பிறகு பேசத் தொடங்கினார். "அம்மணி, இங்க குழி இருக்குது." "அம்மணி, இடது பக்கம் ஒரு வண்டி வருது." கல்யாண மண்டபத்தில் யார் வந்திருக்கிறார்கள், என்ன நிறத்தில் சேலை கட்டியிருக்கிறார்கள் என்பதுகூட அவர் வாயிலிருந்துதான் எனக்கு வந்தது. அன்பினால்தான் செய்தார் என்று தெரியும். ஆனாலும் சில நாட்கள் அவர் குரலைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வந்தது. அப்படி எரிச்சல் வந்ததற்காகப் பிறகு வருத்தமாகவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் குளத்தங்கரையில் பறவை பார்க்கும் ஒரு சிறு கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிட்டவரும் அவர்தான். நடந்தால் மனசுக்கு நல்லது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். முதல் நாளே ஒரு பெண் தன் பைனாகுலரை என்னிடம் நீட்டினாள். இடது குழல் எனக்கு இருட்டு. வலது குழலில் ஏதோ கலங்கலாகத் தெரிந்தது. அது அவளுடைய கண்ணுக்குத் திருகி வைத்தது. நான் திருகித் தெளிவாக்குவதற்குள் பறவை எழுந்து போய்விட்டது.

"தெரிஞ்சுதுங்ளாக்கா?"

"தெரிஞ்சுதுங்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த இரண்டு வாரமும் அதே பொய்.

என் கணவருக்குப் புரிந்துவிட்டது. பத்து நாள் கழித்து வீட்டுக்கு ஒரு பெட்டி வந்தது. உள்ளே ஒற்றைக் கண்ணால் பார்க்கும் தொலைநோக்கி. மோனாகுலர் என்று பெயராம். பதினாறு மடங்கு பெரிதாகக் காட்டும் என்று பெட்டியிலேயே எழுதியிருந்தது. மொட்டை மாடிக்குப் போய்ப் பக்கத்துத் தோட்டத்துத் தென்னையைப் பார்த்தேன். காற்றே இல்லாத மதியத்தில் தென்னை பேயாட்டம் ஆடியது. மூச்சை நிறுத்திப் பார்த்தேன். அப்போது என் நாடித்துடிப்புக்கு ஏற்ப ஆடியது. வட்டமும் மிகச் சின்னது. ஒரு மட்டையைப் பார்த்தால் அது எந்த மரத்து மட்டை என்று தெரியாது.

"பெருசாக் காட்டுனா நல்லாத் தெரியும்னு நெனச்சுப்போட்டேன்" என்றார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அந்த வாரமே இருவரும் காந்திபுரத்தில் ஒரு கேமரா கடைக்குப் போனோம். கடைக்காரர் என் வயதுக்காரர். எதற்காக வேண்டும் என்று கேட்டார். என் கணவர் வாயைத் திறப்பதற்குள் நானே சொன்னேன்: "எனக்கு ஒரு கண்ணுதானுங்க தெரியும். குளத்துல பறவை பாக்கோணும்."

வீட்டுக்கு வெளியே ஒருவரிடம் இதை நான் சொன்னது அதுவே முதல் முறை. அவர் அடடா என்று சொல்லவில்லை. தலையைச் சாய்க்கவில்லை. "மூக்குக்கண்ணாடியோட பாப்பீங்ளா, கழட்டீட்டுப் பாப்பீங்ளா?" என்று கேட்டார்.

"கண்ணாடியோடதானுங்க."

மூன்று குழல்களை எடுத்து மேசையில் வைத்தார். கண் வைக்கும் இடத்திலிருந்த ரப்பர் வளையத்தைத் திருகி உள்ளே இறக்கினார். மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் அதை இறக்கி வைத்தால்தான் வட்டம் முழுதாகத் தெரியும் என்றார். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகும் என்பது, இரண்டாவது எண் முன்கண்ணாடி எத்தனை மில்லிமீட்டர் அகலம் என்பது என்று விளக்கிவிட்டு, என்னை வாசலுக்கு அனுப்பினார். எதிர்வரிசைக் கடையின் பெயர்ப்பலகையில் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் ஒரே மாதிரி தெளிவாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். பிறகு அதே கடையின் மாடிப்படிக்குக் கீழே இருட்டாக இருந்த மூலையைப் பார்க்கச் சொன்னார்.

சட்டைப்பையில் போட்டுக்கொள்ளும் அளவில் இருந்த சின்னக் குழலில் பெயர்ப்பலகை அழகாகத் தெரிந்தது. மாடிப்படி மூலை மங்கிவிட்டது. பத்து மடங்குக் குழலில் மூலை தெரிந்தது, ஆனால் எழுத்துக்கள் லேசாக நடுங்கின. எட்டு மடங்கு, நாற்பத்திரண்டு மில்லிமீட்டர் குழலில் மூலையில் சாய்த்து வைத்திருந்த துடைப்பத்தின் குச்சிகளைத் தனித்தனியாகப் பார்த்தேன்.

"பத்தே வாங்கிக்கலாமே, இன்னுங் கொஞ்சம் பெருசாத் தெரியுமல்ல" என்றார் என் கணவர்.

"அம்மா சொல்லட்டும்ங்க. பாக்கறது அவங்கதானுங்களே" என்றார் கடைக்காரர்.

எட்டையே வாங்கினேன்.

பழகுவதற்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. முதலில் குழலைக் கண்ணில் வைத்துக்கொண்டு பறவையைத் தேடினேன். வானமும் இலையும்தான் கிடைத்தன. பிறகு வழி பிடிபட்டது. வெறுங்கண்ணால் பறவையைப் பார்க்க வேண்டும். பார்வையை அதிலிருந்து எடுக்காமல் குழலைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டு கையாலும் பிடித்து, முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, முடிந்தால் ஒரு மரத்தில் சாய்ந்துகொள்ள வேண்டும். வெயில் இருக்கும் திசைக்கு மட்டும் குழலைத் திருப்பவே மாட்டேன். மிச்சமிருப்பது ஒரு கண்.

கார்த்திகை மாத ஞாயிறு ஒன்றில் அது நடந்தது. குளத்தின் நடுவே தண்ணீரில் பட்டுப்போன கருவேல மரங்கள் நாலைந்து நிற்கும். அவற்றில் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்து உட்கார்ந்திருந்தன. முங்கி மீன் பிடித்த பிறகு அவை அப்படித்தான் இறக்கையைக் காயவைக்கும். எல்லோரும் ஒரு முறை பார்த்துவிட்டு, தூரத்தில் மிதந்த கூழைக்கடாக்களின் பக்கம் நகர்ந்தார்கள். நான் வேப்பமரத்தில் சாய்ந்து, கடைசிக் கிளையில் இருந்த ஒரே பறவையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நூல் பலகை பார்க்கிறவளுக்கு ஒன்றையே பார்த்துக்கொண்டிருப்பது பழக்கம்.

ஒரு பருந்து தாழ்வாக வந்தது. நீர்க்காகங்கள் சட்டென்று இறக்கையை மடக்கிக்கொண்டன. கடைசிக் கிளையில் இருந்தது மட்டும் ஒரு இறக்கையை மடக்கியது. இன்னொன்று விரித்தபடியே இருந்தது. பருந்து போனது. மற்றவை மறுபடியும் விரித்தன. இதன் கழுத்து மட்டும் அந்த இறக்கைப் பக்கமே திரும்பித் திரும்பி வந்தது.

"ஏனுங்க, அந்தப் பறவை மாட்டீட்டு இருக்குதுங்க" என்றேன்.

என் கணவர் கையால் வெயிலை மறைத்துப் பார்த்தார். "றெக்கை காயவெக்குது அம்மணி. எல்லாமே அப்பிடித்தான இருக்குது."

பைனாகுலர் வைத்திருந்த பெண்ணும் வந்து பார்த்தாள். "காயத்தான்க்கா வெக்குது" என்றாள். இரண்டு கண்ணால் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். எனக்குமே ஒரு நிமிடம் சந்தேகம் வந்தது. மறுபடியும் குழலை எடுத்தேன். வெயில் சற்றே ஏறியதில் இறக்கை நுனிக்கும் கிளைக்கும் நடுவே ஒரு மினுக்கம் தெரிந்தது. மயிரிழை போல மெல்லியதாக, நேராக இருந்தது.

"நரம்புங்க. தூண்டில் நரம்பு. நாள் பூரா நூலு பாக்கறவ நான். எனக்குத் தெரியாதுங்ளா?"

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. என் கணவர் என்னைப் பார்த்தார். வேறு எதுவும் கேட்காமல், மதகுப் பக்கம் வலையை உதறிக்கொண்டிருந்த மீன்காரரிடம் நடந்தார். அவர் முதலில் தயங்கினார். "காயப்போட்டிருக்குமுங்க" என்று அவரும் சொன்னார். "என்ற ஊட்டுக்காரம்மா பாத்துட்டாங்க. நீங்க வாங்க" என்று என் கணவர் சொன்னது நான் நின்ற இடம் வரைக்கும் கேட்டது.

மீன்காரரின் பரிசல் மரங்களை நோக்கி மெதுவாகப் போனது. நான் குழலை இறக்கவில்லை. மீன்காரர் துண்டைப் பறவையின் தலைமேல் போட்டார். அது அவர் கையைக் கொத்தியது. அவர் கத்தியால் இரண்டு முறை அறுத்தார். பறவை கல் போலத் தண்ணீரில் விழுந்தது. இறந்துவிட்டது என்றே நினைத்தேன். வெகுநேரம் கழித்து, நினைத்ததற்கு நேர் எதிர்ப்பக்கம் ஒரு தலை மேலே வந்தது. மறுபடியும் முங்கியது. நாணலுக்குள் போய் மறைந்தது.

மீன்காரர் அறுத்த நரம்பைச் சுருட்டிக்கொண்டு வந்து என் கணவரிடம் கொடுத்தார். "அக்கா சொன்னது சரிதானுங்க" என்றார். அன்றைக்குத்தான் கூட்டத்தாரிடம் என் கண்ணைப் பற்றிச் சொன்னேன். பைனாகுலர் பெண், "அப்ப நாங் குடுத்தப்பவெல்லாம்?" என்று கேட்டாள். ஒன்றுமே தெரியவில்லை என்றேன். இருவரும் சிரித்துவிட்டோம்.

அந்தப் பறவை பிழைத்ததா என்று எனக்குத் தெரியாது. அடுத்த ஞாயிறு அந்த மரங்களில் ஏராளமான நீர்க்காகங்கள் இருந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் ஒரே கறுப்பு. இறக்கையில் குறை உள்ளதாக எதுவும் தெரியவில்லை. பிழைத்து அங்கேயே இருந்திருக்கலாம்; நாணலுக்குள்ளேயே முடிந்தும் போயிருக்கலாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை வலது கண்ணைச் சோதிக்கப் போகும்போதும் இப்படித்தான், எதுவும் உறுதியாகத் தெரியாமல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். முன்பு போல அந்தக் கவலையில் நாள் முழுவதும் வீணாவதில்லை.

"சித்த குடு, நானும் பாக்கறேன்" என்று அந்த ஞாயிற்றுக்கிழமைதான் என் கணவர் முதல்முறையாகக் குழலைக் கேட்டார். அவரால் ஒரு கண்ணை மட்டும் மூட முடியவில்லை. இடது கண்ணை மூடினால் வலதும் சேர்ந்து மூடிக்கொண்டது. நான் அவர் பின்னால் நின்று, உள்ளங்கையால் அவருடைய இடது கண்ணைப் பொத்திக்கொண்டேன். அவர் அந்தப் பறவையைத் தேடிக் கிளை கிளையாகப் பார்த்துக்கொண்டே போனார்.