நாலு பேருக்குத்தான் போன் செய்தேன்

காலாண்டு விடுமுறை பிள்ளைகளுக்குத்தான். டீச்சர்களுக்கு அப்படி ஒன்று கிடையாது. என் அம்மா நாமக்கல் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். நான் அப்போது அதே பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. அதனால் இதை யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. அப்பா ரிக் லாரியோடு வடக்கே எங்கோ ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

எங்கள் தாளாளர் முதலில் கோழிப்பண்ணை போட்டார், அப்புறம் பள்ளிக்கூடம் போட்டார். கோழி அதிக முட்டை வைக்கட்டும் என்று இருட்டிய பிறகும் பண்ணையில் விளக்கு எரியும். டீச்சர்களையும் அவர் அப்படித்தான் வைத்திருந்தார். காலை ஏழரைக்கு ஸ்பெஷல் கிளாஸ், சாயங்காலம் ஆறரை வரை ஸ்டடி. பரீட்சை வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஐந்து வகுப்பு விடைத்தாளையும் திருத்தி, ரெஜிஸ்டரில் ஏற்றி, ரேங்க் கார்டு எழுதி, லீவு விடுவதற்குள் ஒப்படைக்க வேண்டும். ஸ்கூல் பஸ்ஸில் அம்மா மடியில் ஒரு கட்டு விடைத்தாள் இருக்கும், என் மடியில் ஒரு கட்டு இருக்கும்.

அந்த வருடம் கடைசிப் பரீட்சைக்கு முந்தின நாள் அம்மாவின் குரல் போய்விட்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பத்து நாளைக்குப் பேசாதீங்க. கிசுகிசுன்னுகூடக் கூடாது. மீறுனீங்கன்னா டீச்சர் வேலைய மறந்துர வேண்டியதுதான்."

லீவும் பத்து நாள்தான். வாயை மூடிக்கொண்டு படுத்திருந்தால் போதும், தீர்ந்தது. ஆனால் சர்க்குலர் வந்தது. வகுப்பு டீச்சர்கள் லீவில் ஒவ்வொரு பெற்றோருக்கும் போன் செய்து மார்க்கைச் சொல்ல வேண்டும். அது முடிந்ததும் எல்லா டீச்சர்களும் விஜயதசமி அட்மிஷனுக்கு வீடு வீடாகப் போய்ப் பிள்ளை பிடிக்க வேண்டும்.

அம்மா டாக்டர் சீட்டை எடுத்துக்கொண்டு தாளாளர் அறைக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். அவர் சீட்டைத் தொடக்கூட இல்லை.

"போன்ல பேசறதுக்கு எதுக்குங்க டீச்சர் அவ்வளவு சத்தம்? மெதுவாப் பேசுனாப் போதுமுங்க."

அம்மா தலையாட்டிவிட்டு வெளியே வந்தார். எனக்கு அந்த ஆள்மேல் வந்த கோபத்தைவிட அம்மாமேல் வந்த கோபம் பெரிது. எதற்குத் தலையாட்ட வேண்டும்?

லீவின் முதல் நாள் காலை. அம்மா ஒரு தாளையும் செல்போனையும் என் முன்னால் வைத்தார். அம்மாவின் வகுப்பான ஆறாம் வகுப்பு பி பிரிவு, நாற்பத்திரண்டு பேர். பெயர், மார்க், அப்பா அம்மா நம்பர். எல்லாம் அம்மா கையெழுத்து. கடைசியில் தாளாளர் நம்பரும் இருந்தது, மற்ற நம்பர்களைவிடப் பெரிதாக. வேலை முடிந்ததும் அவருக்குச் சொல்வதற்கு என்று நினைத்துக்கொண்டேன். பழைய நோட்டில் அம்மா எழுதிக் காட்டினார்: 'நீயே பேசு. பொய் சொல்லாதே. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்.'

தாளைப் பார்த்தேன். அம்மா எதையுமே ரெஜிஸ்டர் வரிசையில்தான் எழுதுவார். இது அப்படி இல்லை. "அம்மா, வரிசை தப்பு" என்றேன். பேனாவால் முதல் பெயரைத் தட்டினார். பாவம், களைப்பில் பிசகிவிட்டது என்று விட்டுவிட்டேன்.

முதல் நம்பர் சங்ககிரியில் லாரி வைத்திருந்த ஒருவர். பெற்றோர் கூட்டம் என்று வந்தால் மைக் இல்லாமலே கேட்கும் குரல் அவருடையது.

"ஆறாவது பி டீச்சரோட பொண்ணு பேசறனுங்க. உங்க பையன் கணக்குல முப்பத்திரெண்டுங்க."

"அது தெரிஞ்ச சங்கதிதான். ஏஞ்சாமி, உங்கம்மா எங்க?"

"பக்கத்துலதான் இருக்காங்க. பேசக்கூடாதுங்க. தொண்டை போயிருச்சு. பேசுனா குரலே வராதுன்னு டாக்டர் சொல்லிட்டாருங்க."

"அப்பறம் எதுக்குச் சாமி போன் பண்றீங்க?"

"தாளாளர் பண்ணச் சொன்னாருங்க. டாக்டர் சீட்டக் காட்டுனோம், பாக்கவே இல்லீங்க. இது முடிஞ்சு ஊடு ஊடா அட்மிஷனுக்குப் போகோணுமுங்க."

அவ்வளவுதான். மனிதர் வெடித்தார்.

"எங்கிட்ட ஓட்டற டிரைவருக்கே டிரிப் முடிச்சு வந்தா ரெண்டு நாள் ஊட்டுக்குப் போன்னு அனுப்பறேன். லாரிக்கே ஓய்வு குடுக்கறேன்! அந்தாளு நம்பரச் சொல்லு சாமி."

நான் தேடவே வேண்டியிருக்கவில்லை. அம்மாவின் விரல் அதன்மேல்தான் இருந்தது.

இரண்டாவது, பரமத்தி வேலூரில் வெற்றிலைத் தோட்டக்காரர் மனைவி. அவரும் நம்பர் கேட்டார். மூன்றாவது, எங்கள் பள்ளிக்குப் பஸ் விடுகிறவர். நாலாவது, ஊர்த் தலைவரின் மருமகள். "அந்த மனுசன் என்ன ஆளையெல்லாம் கோழின்னு நெனச்சுட்டானா?" என்று அவர் கேட்டது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஐந்தாவது நம்பரை அழுத்தப் போகும்போது தாளாளரே கூப்பிட்டார்.

"ஏம் பாப்பா, இதுவரைக்கும் எத்தன பேருக்குப் பேசுன?"

"நாலு பேருக்குத்தானுங்க. இன்னும் முப்பத்தெட்டுப் பேரு இருக்காங்க. மத்தியானத்துக்குள்ள முடிச்சர்றனுங்க."

அந்தப் பக்கம் இன்னொரு போன் விடாமல் அடிப்பது கேட்டது.

"வேண்டாம் சாமி. போன வெச்சுரு. அம்மாவ ரெஸ்ட் எடுக்கச் சொல்லு. எந்த டீச்சரும் யாருக்கும் பேச வேண்டாம். எங்கயும் போகவும் வேண்டாம்."

நான் கட்டில்மேல் ஏறிக் குதித்தேன். அம்மா சத்தமில்லாமல் சிரித்தார், தோள் இரண்டும் குலுங்கின. கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்ப் படுத்தவர், சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. பட்டப்பகலில் அம்மா தூங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பதினேழு டீச்சர்களுக்கும் லீவு, லீவாகவே கிடைத்தது. வாங்கிக் கொடுத்தது நான்!

பள்ளி திறந்த அன்று தாளாளர் எங்களை வராந்தாவில் நிறுத்தினார். "பொண்ணக் கொஞ்சம் அடக்கி வெய்யுங்க டீச்சர்" என்றார்.

அம்மா வாயைத் திறந்தார். குரல் கணீரென்று வந்தது.

"சின்னப் புள்ளைங்க. தெரியாமப் பேசிட்டாளுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன தெரியாமல்? எல்லாம் தெரிந்துதான் பேசினேன். ஒரு பள்ளிக்கூடத்தையே காப்பாற்றியவளை இப்படியா விட்டுக்கொடுப்பார்கள்? அம்மாவோடு மூன்று நாள் பேசவில்லை.

நாற்பத்திரண்டு பேரில் வாய் பெரிய நாலு பேரும் எப்படி முதல் நாலு இடத்தில் வந்தார்கள் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. வரிசை தப்பு என்று அம்மாவையே திருத்தப் பார்த்தவள் நான்.