மூலை மேசைக்குப் போனவர்

இன்று மத்தியானம் விரிவுரையாளர் உணவறையில், தேங்காய்ச் சம்பல் வாசனையோடு எதிரே வந்து உட்கார்ந்தார் ரமேஷ். எங்கள் துறைக்குப் புதிதாக வந்தவர், மரியாதை தெரிந்தவர். இறுதியாண்டு விடைத்தாள்களை நான் திருத்திவிட்டேன். நான் போட்ட புள்ளியைப் பார்க்காமல் அவர் இரண்டாம் தடவை திருத்த வேண்டும். சம்பலை என் பக்கம் தள்ளிக்கொண்டே, "சேர், ஒங்க மார்க்ஸ வாட்ஸ்அப்புல அனுப்பிருங்க. நானும் அதையே போட்டுர்றேன்" என்றார். பிசைந்த சோறு கையிலேயே நின்றுவிட்டது.

சம்பல் என்றாலே எனக்கு எங்கள் துறையில் முன்பு இருந்த பேராசிரியர் கனகசபைதான் நினைவுக்கு வருவார். யாழ்ப்பாணத்துக்காரர், அம்பிட்டியவில் குடியிருந்தார். நான் அப்போது கம்பளையிலிருந்து ரயிலில் வந்துபோகும் புது விரிவுரையாளர். தினமும் ஒரே மேசை. அவர் இடியப்பத்தில் பாதி எனக்கு, எங்கள் வீட்டுச் சம்பலில் பாதி அவருக்கு. பரீட்சை முடிந்ததும் மனிதர் திடீரென்று சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு மூலை மேசைக்குப் போய்விட்டார். வணக்கம் சொன்னால் வெறும் தலையாட்டல். நான் என்னத்தையோ உளறியிருப்பேன் என்று என் மனைவி தீர்ப்பே சொல்லிவிட்டாள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. பொறுக்காமல் போய்க் கேட்டேன்.

"உம்மில கோவமில்லை. ரெண்டு பேரும் திருத்தி முடியுமட்டும் ஒண்டா இருக்க வேண்டாம். என்ர முகத்தைப் பாத்து நீர் புள்ளி போடக்கூடாது."

திருத்தி முடிந்த பிறகுதான் சண்டை. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தியை அவர் ஃபெயிலாக்கியிருந்தார், நான் பாஸாக்கியிருந்தேன். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கத்தினோம். கடைசியில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவள் விடைத்தாளைத் திரும்ப வாசித்தார்.

"ஒரு பக்கத்தைப் பிரட்டாமல் விட்டிட்டன்" என்றார். தன் புள்ளியைத் தானே வெட்டிவிட்டுப் புதிதாகப் போட்டார். மறுநாள் இடியப்பத்தோடு என் மேசைக்கு வந்தார். அந்தப் பிள்ளை இன்று கடுகண்ணாவையில் ஆசிரியை.

முடியாது, தனியாகத் திருத்துங்கள் என்று ரமேஷிடம் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை, சிரித்தார். "சேர் போட்டா சரியாத்தானே இருக்கும்?"

அதுதான் இன்னும் என்னை உறுத்துகிறது. மேலிடத்திலிருந்து யாரும் மிரட்டவில்லை. என்மேல் உள்ள மரியாதையாலேயே கேட்கிறார். அந்த விடைத்தாள்களில் ஒரு பிள்ளையை நான் ஃபெயிலாக்கியிருக்கிறேன். நானும் ஒரு பக்கத்தைப் புரட்டாமல் விட்டிருந்தால்?

மூலை மேசையில் இப்போது தண்ணீர்ப் போத்தல்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு என்னை விட்டு எழுந்து போக, இங்கே ஒருவரும் இல்லை.