மூன்றாம் கட்டைக்கு எந்த வழி?

இலங்கை மலைநாட்டில் பதுளைக்கு ரயில் வருவதற்கு மூன்று வருடங்களுக்கு முந்தி நடந்தது இது. அப்போது நான் பதுளையில் ஓர் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். பஜாரில் தெரிந்தவர் வீட்டில் தங்கியிருந்து, வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா வேலை செய்த தேயிலைத் தோட்டத்துக்கு நடந்து போவேன். ஞாயிற்றுக்கிழமை திரும்பி வருவேன்.

அந்த வருட விளையாட்டுப் போட்டியில் நெடுந்தூர ஓட்டத்துக்குப் பேர் கொடுத்தேன். கிரிக்கெட் பந்தைக் கண்டால் பயம். ஓட மட்டும் தெரியும். பள்ளிக்கூட மைதானத்தில் புறப்பட்டு, பசறை ரோட்டில் மூன்றாம் மைல்கட்டை வரை ஓடி, அங்கே நிற்கும் வாத்தியாரிடம் சிவப்பு நாடா ஒன்றை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். முதலில் வருகிறவனுக்குக் கோப்பை.

ரோடு மலையை வளைத்து வளைத்து ஏறும். முதல் வளைவிலேயே நான் தேயிலைக்குள் புகுந்து குறுக்குப் பாதையில் ஏறிவிட்டேன். தோட்டத்தில் பிறந்தவனுக்கு அதுதான் பாதை. ரோடு மாட்டு வண்டிக்கும் வெள்ளைக்காரத் துரையின் குதிரைக்கும் போட்டது. பின்னால் வந்தவர்கள், வயிற்று வலி தாங்காமல் ஒதுங்குகிறான் என்று நினைத்தார்களாம். நாடாவை வாங்கிக்கொண்டு வந்த வழியே இறங்கி மைதானத்துக்கு வந்தபோது, அடுத்தவன் கண்ணுக்கே தெரியவில்லை.

டிரில் மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எந்த வழியாடா வந்த?"

"குறுக்குலதாங்க சேர். ரெண்டு எடத்துல இருக்கு. வேணும்னா மத்தவங்களுக்கும் காட்டுறேன்."

மைதானமே சிரித்தது. எதற்கென்று புரியாமல் நானும் கொஞ்சம் சிரித்தேன்.

கோப்பை அடுத்து வந்தவனுக்குப் போனது. பஜாரில் துணிக்கடை வைத்திருந்தவரின் மகன், என் வகுப்புதான். மறுநாளே எனக்கு "குறுக்கு" என்று பேர் வைத்துவிட்டான். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். கணக்கை முதலில் முடித்து நான் எழுந்தால், "இதுலயும் குறுக்காடா?" என்பார்கள். ஒரு நாள் கணக்கு வாத்தியாரே என் கொப்பியை இரண்டு முறை புரட்டிப் பார்த்தார். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. எப்படியும் அந்தப் பேரைக் கழற்றிப் போட வேண்டும், அடுத்த வருடம் அதே ஓட்டத்தை ரோட்டிலேயே ஓடிக் காட்ட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அப்பாவிடம் சொன்னபோது அவர் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"சீக்கிரமா வரச் சொன்னாங்க, நீ சீக்கிரமா வந்த. அப்புறம் என்னவாம்?"

"ரோட்டுலதான் ஓடணுமாம்பா."

"அத மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் நானும் கேட்கவில்லையே.

அதற்குப் பிறகு ஒரு வருடம், தோட்டத்துக்குப் போவதும் வருவதும் ரோட்டு வழியாகவே, ஓட்டமாகத்தான். மழையென்றும் பார்க்கவில்லை. முதல் வெள்ளிக்கிழமை நான் போய்ச் சேர நேரமாகிவிட்டது. அப்பா குறுக்குப் பாதை வாயிலேயே எனக்காகக் காத்து நின்றார். நான் ரோட்டுப் பக்கமிருந்து வருவதைப் பார்த்துவிட்டு, "பள்ளிக்கூடம் போயி பாதைய மறந்துட்டியாடா?" என்றார்.

மறு வருடப் போட்டியில், முதல் வளைவில் நாலைந்து பையன்கள் என்னைப் பார்ப்பதற்கென்றே உட்கார்ந்திருந்தார்கள். "குறுக்கு, வழி இந்தப் பக்கம்டா" என்று ஒருவன் தேயிலையைக் காட்டினான். நான் திரும்பாமல் ஓடினேன். திரும்பி வரும்போது எனக்கு முன்னால் துணிக்கடைக்காரர் மகன் மட்டும்தான். அவன் மூச்சு வாங்குவது கேட்கிற தூரம். கடைசி வளைவில் குறுக்குப் பாதை செம்மண்ணாகக் கீழே இறங்கியது. கால் தானாக அந்தப் பக்கம் போனது. இழுத்துப் பிடித்துக்கொண்டு ரோட்டிலேயே ஓடினேன்.

இரண்டு முழத் தூரத்தில் தோற்றேன்.

அவன் புல்லில் உட்கார்ந்திருந்தான். நானும் பக்கத்தில் போய் விழுந்தேன். மூச்சு அடங்கிய பிறகு அவன் சொன்னான்: "போன வருசக் கோப்பைய எங்கப்பா வர்றவங்க கிட்டயெல்லாம் எடுத்துக் காட்டுவாருடா. எனக்கு ஒரு மாதிரியா இருக்கும். இந்த வருசம் காட்டட்டும்."

பிறகு எழுந்து, தண்ணீர் குடிக்க வருகிறாயா என்று கேட்டான். ஒரு வருடத்தில் முதல் தடவையாக என் சொந்தப் பேரைச் சொல்லி.

இப்போது நான் ஒரு தோட்டத்து ஆபீசில் கிளாக்கராக இருக்கிறேன். தனியாக நடக்கும்போது குறுக்கில்தான் போகிறேன், அதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் யாராவது ஒரு வேலையைக் கொடுத்து முடித்துவிட்டு வா என்றால், எந்த வழியாக என்று கேட்ட பிறகுதான் காலை எடுத்து வைக்கிறேன்.