வானத்துக்கு ஒரு டச்சப்

தாம்பரம் கேம்ப் ரோடு பக்கம் எங்க ஃப்ளெக்ஸ் கடை. கடை என்னோடது, நான் ஜஹீரா. கைவேலை செல்வமேரியோடது. படத்துல பருவோ தழும்போ இருந்தா, அவ மவுஸுக்குத் தப்பாது. கோவிலம்பாக்கம் வரைக்கும் எந்த மண்டபத்து வாசல் பேனர்ல மாப்பிள்ளை பளபளன்னு சிரிச்சாலும் அது இவ புண்ணியம்தான்.

போன வெள்ளிக்கிழமை காலேஜ் கண்காட்சிக்கு ரெண்டு பேனர் ஆர்டர். ஒண்ணு, புது டெலஸ்கோப் எடுத்த வானம். இன்னொண்ணு, ‘மனித டிஎன்ஏவைச் செயற்கையாக எழுதலாமா?’ன்னு ஒரு கேள்வி. வாங்கிட்டுப் போக வந்த மாணவி மிருதுளா வானத்தைப் பிரிச்சுப் பாத்து வாயைப் பொத்திக்கிட்டா.

"அக்கா, இதுல இருந்த கேலக்ஸியெல்லாம் எங்க?"

"எதும்மா?"ன்னா செல்வமேரி. "பெரிய நட்சத்திரமெல்லாம் அப்படியேதான கீது. நடுவுல பொட்டுப் பொட்டா ஒரே தூசி. உக்காந்து தொடச்சிட்டேன்."

"அந்தத் தூசி ஒவ்வொண்ணும் ஒரு கேலக்ஸி அக்கா! ஒவ்வொண்ணுலயும் கோடிக்கணக்குல நட்சத்திரம்!"

யா அல்லாஹ்! எனக்கு மூக்கு மேல கோவம் வரும், ஊரே சொல்லும். ஆனா இதுக்கு எப்படிக் கோவப்படுறது? அடிப்பாவி, படைச்சவன் வேலைக்கே டச்சப் போட்டுட்டியேடி! வயிறு வலிக்கச் சிரிச்சேன். மிருதுளாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்துச்சு. காலேஜுக்குப் பல்லாவரம் சந்தை நெரிசலைத் தாண்டிப் போகணும். இன்னும் ஒரே ஒரு பேனர் அடிக்கத்தான் நேரம். டிஎன்ஏ பேனரை மெஷின்ல ஏத்தவே இல்ல. வானத்தை அடிச்சா டிஎன்ஏ ஸ்டால் மொட்டையா நிக்கும். மிருதுளா பேச வேண்டிய ஸ்டாலே அதுதான்.

ஆனா தப்பான வானத்தை எப்படிக் குடுத்தனுப்புறது? மெயில்ல வந்த படத்தை எடுத்து வானத்தையே மறுபடி அடிச்சோம். தொடச்ச வானத்தைச் சுருட்டி ஓரமா வீசினேன். மிருதுளா அதைப் பொறுக்கிக்கிட்டா.

"இது டிஎன்ஏ ஸ்டாலுக்கு. ரெண்டு பேரும் கூட வாங்க!"

ரெண்டு ஸ்டாலும் பக்கத்துப் பக்கத்துல. இங்க முழு வானம், அங்க தொடச்ச வானம். கூட்டம் அள்ளிடுச்சு! மொதல்ல முந்தானையால மூஞ்சிய மூடுன செல்வமேரி, கொஞ்ச நேரத்துல வர்றவங்க கையப் புடிச்சு இழுக்குறா. "நான்தாங்க தொடச்சேன்! அழுக்குன்னு நெனச்சிட்டேன்!" அவ குஷியைப் பாக்கணுமே!

சின்ன மகளோட வந்த ஒருத்தர் சிரிச்சுக்கிட்டே கேட்டார். "அது சரிம்மா, இதுக்கும் டிஎன்ஏவுக்கும் இன்னா சம்பந்தம்?"

மிருதுளா வாயத் தொறக்குறதுக்குள்ள செல்வமேரி முந்திக்கிட்டா.

"எனக்கு ஒரிஜினல் மெயில்ல இருந்துச்சு சார், மறுபடி எடுத்துக்கிட்டேன். டிஎன்ஏவுல அழுக்குன்னு நெனச்சு மனுஷனை இப்படித் தொடச்சிட்டா ஒரிஜினலை எங்க போய்த் தேடுறது?"

அவர் மகளைக் கிட்ட இழுத்து அணைச்சுக்கிட்டார்.