இருபத்தாறு ஓட்டும் ஒரு தலையும்

கிறிஸ்பின் தலையாட்டிக்கொண்டிருக்கிறான். கெட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு மூத்த பாரிஸ்டர் ஹெஸ்டர் அம்மையார், கோர்ட்டில் சுருக்கமாகப் பேசுகிறவன்தான் கெட்டிக்காரன் என்கிறார். "அதேதாங்க நானும் நெனச்சேன்" என்கிறான். அவர் கோப்பையோடு நகர்ந்ததும் இன்னொரு மூத்தவர் அலஸ்டர் வருகிறார். இந்தக் காலத்துப் பிள்ளைகள் இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள், வாதம் என்றால் விஸ்தாரமாக இருக்க வேண்டாமா என்கிறார். "அதேதாங்க நானும் நெனச்சேன்." தேநீர்ப் பை இன்னும் அதே கோப்பையில்தான் ஊறிக்கொண்டிருக்கிறது.

வரவேற்பு மேசையில் இருக்கும் மவ்ரீன் அவனுக்குப் பெயர் வைத்துவிட்டாள். "கார் பின்கண்ணாடியில ஒரு நாய் பொம்மை தலையாட்டுமே, அதுக்கு டை கட்டிவிட்ட மாதிரி இருக்கான்." நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். பூம்பூம் மாடு என்றுதான் சொல்வேன். ஆனால் அந்த மாட்டுக்குக்கூட ஒரு மேளம் வேண்டும். இவனுக்கு எதிரில் ஓர் ஆள் இருந்தால் போதும்.

பாரிஸ்டராவதற்கு ஓராண்டுப் பயிற்சி. எங்கள் சேம்பர்ஸில், அதாவது பாரிஸ்டர்கள் கூட்டாக நடத்தும் அலுவலகத்தில், அவனுக்கு இது பதினோராவது மாதம். எங்களுடையது மிக நவீனமான சேம்பர்ஸ். நான் சொல்லவில்லை, எங்கள் இணையதளம் சொல்கிறது. சுவரெல்லாம் கண்ணாடி. 'சார்', 'மேடம்' கிடையாது. ஓட்ஸ் பால் மூன்று வகை உண்டு. மனநலக் குழு ஒன்றும் இருக்கிறது. அது காலை ஏழு மணிக்குக் கூடுவதால் போக நினைத்தவர்கள் தூங்கிவிடுகிறார்கள். பயிற்சிக்கு வந்தவர்களுக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேலைக்கு மேல் கொடுக்கக் கூடாது, ஆறு மணிக்கு வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறோம். இத்தனை இருந்தும், பயிற்சி முடிகிற சமயத்தில் இருபத்தாறு பாரிஸ்டர்களும் கதவைச் சாத்திக்கொண்டு, 'இவன் இங்கேயே இருக்கலாமா, மூட்டை கட்டலாமா' என்று ஓட்டுப் போடுகிற பழைய வழக்கத்தை மட்டும் யாரும் தொடவில்லை.

கிறிஸ்பினுக்கு இருபத்தொன்பது வயது. மூன்று வருடம் விண்ணப்பம் போட்டு, நாற்பத்தொரு இடத்தில் 'வருந்துகிறோம்' வாங்கி, நாற்பத்திரண்டாவதாக இங்கே நுழைந்தவன். இங்கேயும் இல்லையென்றால் திரும்ப முதலிலிருந்து. அந்தப் பயம் கழுத்தில் உட்கார்ந்துகொண்டு தலையை ஆட்டுகிறது என்பது என் கணிப்பு.

அவனிடம் ஒரு குறிப்பேடு இருக்கிறது. ஒருநாள் நகல் இயந்திரத்தின் மேல் மறந்து வைத்துவிட்டான். நான் படிக்கவில்லை, மவ்ரீன் படித்தபோது கேட்டேன். 'ஹெஸ்டர்: சர்க்கரை இல்லை, நீண்ட வாக்கியம் பிடிக்காது. அலஸ்டர்: நாயின் பெயர் பிஷப், மூட்டுவலி, தினமும் விசாரிக்கவும்.' நாயைத்தான் விசாரிக்க வேண்டும். இவன் ஒரு மாதம் அலஸ்டரின் மூட்டை விசாரித்திருக்கிறான்.

விக் கதை வேறு. கோர்ட்டில் பாரிஸ்டர்கள் தலையில் மாட்டிக்கொள்ளும் பொய்முடிதான் விக். புதுசு பளீரென்று வெள்ளையாக இருக்கும். அதைப் போட்டவன் கத்துக்குட்டி என்று கோர்ட் வாசல் புறாவுக்கும் தெரியும். பழுப்பேறிய விக்குக்குத்தான் மரியாதை. இருபது வருட வியர்வையை ஒரே ராத்திரியில் வாங்கிவிட, இவன் விக்கைக் கடுந்தேநீரில் ஊறப்போட்டான். மறுநாள் மவ்ரீன் மோந்து பார்த்தாள். "என்ன ராசா, தலையில பிஸ்கட்டை முக்கித் திங்கலாம் போல இருக்கே?"

"அதேதாங்க நானும்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

நான் டெரன்ஸ், இங்கே தலைமைக் கிளார்க். பத்தொன்பது வருடமாக இவர்களுக்கு வழக்குப் பிரித்துக் கொடுக்கிறேன். எங்கள் தொழிலில் ஒரு விசித்திரம் உண்டு. காலையில் ஒரே கெட்டிலில் தேநீர் போட்டுக்கொண்ட இரண்டு பேர், பத்து மணிக்கு ஒரே வழக்கில் எதிரெதிரே நிற்பார்கள். அது தப்பில்லை. ஆனால் பயிற்சிக்காரன் ஒருவனே இரண்டு பக்கத்துக்கும் எழுதிக் கொடுத்துவிட்டால் மானம் போய்விடும். அதனால்தான் என் அறையில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டி வைத்திருக்கிறேன். எந்த வேலை யாருக்காக என்று பயிற்சிக்காரர்கள் அதில் எழுத வேண்டும். கிறிஸ்பின் வந்த நாளிலிருந்து அந்தப் பலகையில் இரண்டு வேலைக்கு மேல் இருந்ததில்லை. பரவாயில்லையே, விதிப்படி நடக்கிறான் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை வழக்கு ஒரு வேலியைப் பற்றியது. பக்கத்துப் பக்கத்து மாளிகைக்காரர்கள் இருவர். ஒருவர் வளர்த்த வேலி இன்னொருவர் சாப்பாட்டு அறையின் வெளிச்சத்தை மறைக்கிறதாம். வேலிக்கு ஹெஸ்டர், வெளிச்சத்துக்கு அலஸ்டர். இருவரும் எழுத்து வாதத்தைக் கொடுத்திருந்தார்கள். மறந்துபோன கோப்பு ஒன்றைக் கொடுக்கப் போன நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

நீதிபதி இரண்டு காகிதக் கட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தார். "'வேலி என்பது வெறும் செடியன்று, அது ஒரு மனநிலை.' இது ஹெஸ்டர் அம்மையாரோடது, நாலாவது பத்தி." அடுத்த கட்டை எடுத்தார். "'வேலி என்பது வெறும் செடியன்று, அது ஒரு மனநிலை.' இது உங்களோடது, அலஸ்டர். இதுவும் நாலாவது பத்திதான். ரெண்டு பேரும் ஒரே தையல்காரர்கிட்டதான் துணி குடுக்கிறீங்களா?"

எதிராளி எழுதியதை வக்கீல்கள் படிப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். தன் பெயரில் போனதையும் படிப்பதில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

சாயங்காலம் கிறிஸ்பினை மாடிப்படியில் பிடித்தேன். "பலகையில ஏன் தம்பி எழுதல?"

"எழுத வேணாம்னாங்க. 'ரெண்டு வேலைக்கு மேல ஆயிடும், டெரன்ஸ் கத்துவாரு, நமக்குள்ள இருக்கட்டும்'னு ஹெஸ்டர் சொன்னாங்க. அலஸ்டரும் அதையேதான் சொன்னாரு."

"ஒரே வழக்குன்னு உனக்குத் தெரியலையா?"

"ரெண்டாவது கட்டைப் பிரிச்சதுமே தெரிஞ்சுபோச்சு. ஆனா அதுக்குள்ள தலையாட்டிட்டேன்."

எனக்கு வந்த கோபத்தில் பாதி அவன் மேல். அறிந்தே செய்திருக்கிறான், அதற்குச் சமாதானம் கிடையாது. மீதிப் பாதி யார் மேல் என்பதைச் சொன்னால் என் வேலை போய்விடும். ஆனாலும் சொல்கிறேன். தன் வேலையைத் தான் செய்யச் சோம்பல்பட்டு, ஓட்டுக்கு ஏங்குகிற ஒருவன் தலையில் அதைக் கட்டிய இரண்டு பெரிய மனிதர்கள் மேல்.

வியாழன் நான்கு மணிக்கு ஓட்டெடுப்பு. மூன்றரைக்கு எங்கள் தலைவர் ரொவீனா அம்மையார் என் மேசைக்கு வந்து ஒரு கடிதத்தைக் காட்டினார். கட்சிக்காரர்களுக்குப் போக வேண்டிய மன்னிப்புக் கடிதம், கிறிஸ்பின் பெயரில். இரண்டு வேலையையும் தானே யாருக்கும் சொல்லாமல் எடுத்துக்கொண்டானாம். பலகையில் எழுத மறந்ததும் அவனேதானாம். எழுத வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லையாம்.

"பையன் கையெழுத்துப் போட்டுட்டா நாலு மணிக்கு எல்லாரும் பெருந்தன்மையா நடந்துக்குவாங்க டெரன்ஸ்."

"போடலைன்னா?"

"அவன் எதுக்குப் போடாம இருக்கப் போறான்?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

கண்ணாடி அறைகளில் ஒரு வசதி. ஒன்றும் கேட்காது, எல்லாம் தெரியும். ரொவீனா பேசினார். ஹெஸ்டர் ஒரு பக்கம், அலஸ்டர் ஒரு பக்கம். காகிதம் மேசைமேல் நகர்ந்தது. கிறிஸ்பின் அதைப் படித்தான். தலை கீழே இறங்கியது.

"அவ்வளவுதான், நாய் ஆட்டிடுச்சு" என்றாள் மவ்ரீன்.

இறங்கிய தலை ஏறவில்லை. பிறகு எழுந்து, காகிதத்தை மேசையிலேயே விட்டுவிட்டு, கதவைத் திறந்துகொண்டு நேரே என் அறைக்கு வந்தான். பலகையடியில் தொங்கும் மார்க்கரை எடுத்து, அந்த வேலை கைக்கு வந்த, மூன்று வாரத்துக்கு முந்தைய தேதியைப் போட முயன்றான். மை வரவில்லை. உதறிப் பார்த்தான். அது எப்போதோ காய்ந்துபோயிருந்தது, அடிக்கடி எழுதுகிறவர்கள் இருந்தால்தானே.

கண்ணாடிக்குப் பின்னால் மூன்று பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். கிறிஸ்பின் சட்டைப் பையிலிருந்து தன் மைப்பேனாவை எடுத்தான். தேதி, 'வேலி, ஹெஸ்டருக்காக' என்று எழுதினான். அடியில் இன்னொரு தேதி, 'வெளிச்சம், அலஸ்டருக்காக'. பக்கத்தில் 'இரண்டும் தெரிந்தே எழுதியவன்: கிறிஸ்பின்'. வழவழப்பான பலகையில் மை நிற்காமல் வழிந்தது. விரலால் தொட்டாலே அழிந்துவிடும். அவன் பேனாவைக் குத்துக்கோலாகப் பிடித்துக்கொண்டு, முதல் எழுத்திலிருந்து மறுபடியும், நிப்பு வளைய, பலகையைக் கீறிக் கீறி எழுதத் தொடங்கினான்.